ஒண்டுக்குடித்தனத்திலிருந்து பூட்டிக் ஹோட்டலுக்கு: சிங்கப்பூர்க் கடைவீடுகளின் கதை

சிங்கப்பூர் சைனாடவுனில், கியோங் சைக் சாலை 50ஆம் எண்ணில், அடுத்தடுத்து நிற்கும் ஐந்து கடைவீடுகளை உள்ளே இணைத்து 2003இல் ஒரு ஹோட்டல் திறந்தார்கள். கட்டடம் எழுந்த ஆண்டையே பெயராக வைத்தார்கள்: ஹோட்டல் 1929. மொத்தம் 32 அறைகள். வழக்கறிஞராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்த லோ லிக் பெங் அதைத் தொடங்கிய நேரம் மிக மோசமானது. சார்ஸ் நோய் பரவி நகரத்துக்குப் பயணிகள் வருவதே அருகிப்போயிருந்தது. சாலைக்கோ சிவப்பு விளக்குப் பகுதி என்ற பெயர் இன்னும் போகவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017இல், லோன்லி பிளானட் வெளியிட்ட ஆசியாவின் சிறந்த பத்து இடங்களின் பட்டியலில் அதே சாலை இடம்பிடித்தது.

பூட்டிக் ஹோட்டல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விளக்கு, நாற்காலி, சுவர் ஓவியம், காலை உணவு என்று அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த அறைகளில் இதற்கு முன் யார் படுத்துத் தூங்கினார்கள்? சிங்கப்பூர்க் கடைவீடு ஹோட்டலானபோது முதல் முறையாக வழிப்போக்கர்களுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை. நூறாண்டுக்கும் மேலாக அது பிழைக்க வந்தவர்கள் தற்காலிகமாக ஒண்டிய இடம். இன்றைய விருந்தினர் அந்த நெடிய வரிசையில் கடைசியாக வந்தவர். எல்லோரையும்விட அதிக வாடகை கொடுப்பவர். தனக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொல்லும் கடமை ஹோட்டலுக்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வீட்டின் அமைப்பைப் பார்த்துவிடலாம். மற்ற எல்லாமே அதிலிருந்து வருகின்றன. கீழே கடை, மேலே வீடு என்பது கடைவீட்டின் எளிய இலக்கணம். அகலம் நான்கு முதல் ஆறு மீட்டருக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மர உத்திரம் எட்டும் தூரம் அவ்வளவுதான். நீளமோ அதைப் போலப் பல மடங்கு பின்னோக்கிப் போகும். இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுவானவை, ஆகவே பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் நடுவிலுள்ள வானவெளி முற்றத்திலிருந்தும் மட்டுமே வர வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் வளவை அறிந்தவர்களுக்கு இந்த முற்றம் உடனே விளங்கும். ஆனால் இங்கே அது கிணறுபோல ஒடுங்கி, இரண்டு மூன்று மாடிகளுக்குக் கீழே இறங்கும்.

வாசலில் எல்லாக் கடைகளின் முன்னும் தொடர்ந்து ஓடும் கூரையிட்ட நடை இருக்கிறது. அதை ஐந்தடி நடைபாதை என்பார்கள். 1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கு வகுத்த விதிகளிலேயே, வீட்டின் முகப்பில் மக்கள் நடந்துபோகக் கூரையுள்ள தாழ்வாரம் விட வேண்டும் என்ற கட்டளை உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குமிடமான அந்த நடை முடிதிருத்துபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், செருப்புத் தைப்பவர் ஆகியோருக்குத் தொழிற்கூடமாகவும் இருந்தது. பின்பக்கச் சந்துகளின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரச் சுகாதாரம் பற்றி டபிள்யூ. ஜே. சிம்ப்சன் கொடுத்த அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு இடையே சந்து வெட்டச் சொன்னது. மலவாளி எடுப்பவர் வீட்டுக்குள் நடந்து வராமல் பின்வழியாகவே போய்வர அது உதவியது. சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறைகள் முற்றாக ஒழிந்தது 1987இல்தான்.

அந்தக் குறுகிய நீண்ட வீட்டுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்? மாடியில் நடுவே ஓர் இடைவழியை விட்டு, இருபுறமும் பலகைத் தடுப்பு வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிப்பார்கள். ஒரு தடுப்பறைக்குள் ஒரு குடும்பமே இருக்கும். பெரும்பாலான தடுப்பறைகளுக்கு ஜன்னல் கிடையாது. சமையலறையும் கழிப்பறையும் பொது. குவாங்டொங்கிலிருந்து வந்து, தலையில் சிவப்புத் துணி கட்டி, கட்டட வேலையில் மண்ணும் கல்லும் சுமந்த சம்சுய் பெண்கள் இப்படிப்பட்ட அறைகளில்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். பணக்கார வீடுகளில் வேலை பார்த்த மாஜே பெண்களோ கூட்டாகக் காசு போட்டு ஓர் அறையை எடுத்து வைத்திருப்பார்கள். பெட்டி படுக்கை அங்கே இருக்கும். விடுமுறை நாளில் வந்து தங்குவார்கள். வேலை போனால் ஒதுங்க ஓரிடம். பகோடா தெருவில் 2002இல் திறக்கப்பட்ட சைனாடவுன் மரபுடைமை நிலையத்தில் 1950களின் தடுப்பறைகளை அப்படியே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். கடைவீட்டு ஹோட்டலில் தங்கப் போகிறவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. கட்டிலின் நீளத்துக்குமேல் ஓர் அடி மிஞ்சாத இடத்தில் அடுப்புப் பாத்திரமும் தையல் இயந்திரமும் குழந்தையின் துணிகளும் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைப் பார்த்த கண்ணுக்கு ஹோட்டல் அறையின் சிறுமை வேறு மாதிரித் தெரியும்.

தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டில் வரிசையாக இருந்த நகரத்தார் கிட்டங்கிகள் கடைவீடுகளே. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாழ்வான மேசை, ஓர் இரும்புப் பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி. முதலாளியின் ஆளாக வந்தவர், அவருக்கு அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று எல்லோரும் பகலில் அங்கேயே கணக்கெழுதி, இரவில் அதே தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். பொதுச் சமையல்காரர் ஊர்ப் பக்குவத்தில் ஆக்கிப் போட்டார். மூன்றாண்டுக் கெடு முடிந்ததும் ஆள் ஊருக்குக் கப்பலேறுவார், அடுத்தவர் வந்து அதே பெட்டியடியில் உட்காருவார். நகரின் நிதி வட்டாரம் வானளாவிய கட்டடங்களாக எழும்பிய 1970களில் அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றையாவது விட்டு வைத்திருந்தால், தெற்காசியக் கடல்கடந்த வணிகத்தின் வாழ்விடம் எப்படி இருந்தது என்பதை இன்று நடந்து பார்த்திருக்கலாம். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

கியோங் சைக் சாலையின் வீடுகள் மட்டும் தப்பியது எப்படி? முதல் காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1947இல் வந்த சட்டம், போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்ட் நிலவரத்திலேயே கட்டிப்போட்டது. ஏழைகளைத் தெருவுக்கு வராமல் காத்தது அந்தச் சட்டம். கூடவே, ஓடு மாற்றுவதற்குக்கூட வாடகை காணாது என்று வீட்டுக்காரர்கள் கைவிடவும் காரணமானது. வீட்டை மொத்தமாக எடுத்தவர் உள்வாடகைக்கு விட, அவரிடம் எடுத்தவர் இன்னொருவருக்கு விட, தடுப்புகள் பெருகின. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்து அடுக்குமாடி வீடுகளுக்கு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபெயர்ந்த பிறகு, சைனாடவுன் வீடுகள் பாதி காலியாக, பாழடைந்து, ஆனால் இடிபடாமல் நின்றன.

இரண்டாவது காரணம் பயணத்துறை. 1983இல் சிங்கப்பூருக்கு வரும் பயணிகள் எண்ணிக்கை குறைந்தது. மறு ஆண்டே அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. பழைய தெருக்களையும் அவற்றின் வாழ்க்கையையும் துடைத்தெறிந்து நவீனமாகிவிட்டதே நகரத்தின் கவர்ச்சி குறைந்ததற்கான காரணங்களில் ஒன்று என்று அது சொன்னது. 1986இல் 100 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) அளவிலான பயணத்துறை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகியவற்றின் பாதுகாப்பு அதில் சேர்ந்தது. 1987இல் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை நகர மறுசீரமைப்பு ஆணையம் தானே முன்மாதிரியாகப் புதுப்பிக்கத் தொடங்கியது. 1989 ஜூலையில் முதல் பத்துப் பாதுகாப்பு வட்டாரங்கள் அரசிதழில் அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரில் 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முழுதாக விலக்கப்பட்டது.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று விளங்கும். பழைய வீடுகளைக் காப்பாற்றும் முடிவிலேயே பயணியின் பணம் கணக்கில் இருந்தது. ஆகவே ஹோட்டல்கள் பிற்பாடு வந்து பழைமையைக் கைப்பற்றிக்கொண்டன என்று குறைசொல்வதில் நியாயமில்லை. சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிப் பழைய நிறம் கண்டுபிடிக்கவும், செல்லரித்த உத்திரத்தை மாற்றவும், மடிப்பு ஜன்னல்களின் சாய்சட்டங்களை ஒவ்வொன்றாகச் சீர்செய்யவும் பெரும் பணம் வேண்டும். ஆணையத்தின் விதி, கூடுமானவரை மூலப்பொருளை அப்படியே தக்கவை, கெட்டதைப் பக்குவமாகச் சீர்செய், இல்லாமல் போனதை உணர்வோடு மீட்டெடு என்கிறது. அந்தச் செலவை அரிசி மண்டியால் ஈடுகட்ட முடியாது. இரவுக்கு இரவு வாடகை வசூலிக்கும் தொழிலால் முடியும்.

அந்தத் தொழிலுக்கு வேண்டிய யோசனை வெளியிலிருந்து வந்தது. லண்டனில் 1978இல் அனூஷ்கா ஹெம்பல் பழைய விக்டோரிய வீடுகளில் பிளேக்ஸ் ஹோட்டலைத் திறந்தார். 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டன் பழைய ஹோட்டல்களை வாங்கிச் சிறிய அளவில் நடத்தத் தொடங்கினார். 1984இல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும், ஆந்த்ரே புட்மன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளரைக்கொண்டு மார்கன்ஸ் ஹோட்டலை அமைத்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அறை என்று சங்கிலி ஹோட்டல்கள் உறுதியளித்த காலத்தில், இந்த அறை இந்த ஊரில் மட்டும்தான் என்று இவர்கள் சொன்னார்கள். கடைவீடு அதற்கு வாய்ப்பான இடம். இரண்டு அறைகள் ஒரே அளவில் அமைய அதில் வழியே இல்லை.

லோ லிக் பெங் 2006இல் புக்கிட் பாசோ சாலையில் நியூ மெஜஸ்டிக்கைத் திறந்தபோது, அறைகளை உள்ளூர்க் கலைஞர்களிடம் கொடுத்துவிட்டார். அங்கே நீச்சல் குளத்தின் அடித்தளத்தில் கண்ணாடி வட்டங்கள் வைத்திருந்தார்கள். கீழே உணவகத்தில் சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்தால் நீந்துபவர்கள் தெரிவார்கள். 2010இல் லிட்டில் இந்தியாவின் டிக்சன் சாலையில் வாண்டர்லஸ்ட் வந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. 29 அறைகள், மாடிக்கு ஒரு வடிவமைப்பு நிறுவனம். அதே பிளேக்ஸின் அனூஷ்கா ஹெம்பல் 2018இல் டக்ஸ்டன் சாலைக் கடைவீடுகளில் 49 அறைகள்கொண்ட சிக்ஸ் சென்சஸ் டக்ஸ்டனை வடிவமைத்தார்.

பிறகு நடந்ததும் உலகெங்கும் நடந்ததுதான். கிம்ப்டன் நிறுவனத்தை வாங்குவதாக இன்டர்கான்டினென்டல் குழுமம் 2014 டிசம்பரில் அறிவித்தது. விலை 43 கோடி டாலர். டக்ஸ்டன் ஹோட்டல் இப்போது மாரியட்டின் ஆட்டோகிராஃப் வரிசையில் இருக்கிறது. நியூ மெஜஸ்டிக் மூடப்பட்டு, அந்த இடம் உறுப்பினர்கள் மட்டும் நுழையும் தனியார் கிளப்பானது. ஓர் ஊருக்கே உரிய அறையை உலகளாவிய முன்பதிவு வலைக்குள் கொண்டுவருவது வணிகத்துக்குச் சரி. அறையின் தனித்தன்மை சுவரிலும் தரையிலும் இருக்கும்வரை அது பிழைக்கும். நடத்துபவரின் மனத்தில் இருந்த பகுதியைச் சட்டத்தால் காக்க முடியாது.

கியோங் சைக் சாலையும் டெக் லிம் சாலையும் கூடும் முனையில், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கட்டடத்தைப் பாருங்கள். நெற்றியில் ‘தோங் ஆ’ என்ற பெயர், 1939 என்ற ஆண்டு. காயா தடவிய ரொட்டியும் காப்பியும் விற்ற கடை அது. 2013இல் கடைக்காரர்கள் அதே சாலையில் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மறு ஆண்டு பழைய கட்டடத்தில் இந்தோனேசியக் குழுமம் ஒன்றின் பர்கர் உணவகம் திறந்தது. நெற்றிப் பெயரை யாரும் அழிக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட முகப்பின் பகுதி அது. சட்டம் எழுத்தைக் காத்தது, எழுத்துக்குரிய காப்பியைக் காக்கும் பொறுப்பு சட்டத்துக்கு இல்லை. கடைக்காரர்கள் பக்கத்திலேயே தொடர்ந்தார்கள் என்பது நல்ல காலம்.

சாலையில் இருந்த பெண்களுக்கு அந்த நல்ல காலமும் வாய்க்கவில்லை. பாலியல் தொழில் விடுதிகளில் இருந்த பெண்கள், அவர்களுக்குச் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், வளர்ப்புப் பிள்ளைகள் என்று ஓர் உலகமே அங்கே இருந்தது. அங்கேயே ஒரு விடுதி நடத்தியவரின் மகளாக வளர்ந்த சார்மேன் லியோங், ‘17ஏ கியோங் சைக் சாலை’ என்ற நினைவுக்குறிப்பு நூலை 2017இல் வெளியிட்டார். உணவக விமர்சனங்கள் அந்தச் சாலையின் இருண்ட கடந்த காலத்தை இரண்டு வார்த்தையில் ஒரு மணத்தூளாகத் தூவிவிட்டுப் போகின்றன. அந்த நூல் அதை மனிதர்களாகக் காட்டுகிறது. ஹோட்டல்கள் தங்கள் அறைகளில் வைக்க வேண்டிய புத்தகம் அது என்பேன். அவமானம் என்று மறைப்பதும், சுவாரசியம் என்று விற்பதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள்.

தங்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாகவே பயன்படும். அறைப் பெயர்களான சுப்பீரியர், டீலக்ஸ் என்பவை எதையும் சொல்லமாட்டா. முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியது: அறை முன்பக்கமா, நடுவா, பின்பக்கமா? முன்பக்க அறையில் உயரமான சாய்சட்ட ஜன்னல்கள், நல்ல வெளிச்சம்; கூடவே நள்ளிரவு தாண்டியும் மதுக்கூடங்களின் பேச்சுச் சத்தம். நடு அறை அமைதியானது, ஆனால் ஜன்னல் வானவெளி முற்றத்தைப் பார்த்திருக்கும், அல்லது ஜன்னலே இருக்காது. ஜன்னலற்ற அறைகளைச் சிங்கப்பூர் ஹோட்டல்கள் வெளிப்படையாகவே விற்கின்றன, விலை குறைவு. பகல் முழுதும் வெளியில் சுற்றுகிறவருக்கு அது போதும். பின்பக்க அறைக்குக் கீழே உணவகத்தின் புகைப்போக்கியும் குப்பை வண்டியும் இருக்கலாம். மேல்மாடி அறையில் கூரைச் சரிவு தலைக்கு மேல் இறங்கும். மரத்தளத்தில் மாடிக்காரர் நடந்தால் கீழே கேட்கும். மின்தூக்கி இருக்கிறதா என்பதை முதியவர்களோடு போகிறவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் தனி: 200 வெள்ளி என்று போட்ட அறைக்குக் கணக்குத் தீர்க்கும்போது 239 வெள்ளி 80 காசு ஆகும்.

வீட்டின் ஓர் அறையை இணையத்தில் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கும் வழி இங்கே பயணிகளுக்கு இல்லை. தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம் என்பது 2017 முதல் விதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு அது ஆறு மாதம். பார்சலோனாவிலும் லிஸ்பனிலும் குறுகிய கால வாடகை பழைய குடியிருப்புகளைக் காலிசெய்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கண்டிப்பைப் பாராட்டுவார்கள். நானும் பாராட்டுகிறேன். பழைய தெருவில் இரவைக் கழிக்க விரும்பும் பயணி உரிமம் பெற்ற சிறு ஹோட்டலுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே அந்தத் தெருவை அறிமுகம் செய்யும் பொறுப்பும் அவர்களிடமே வந்து சேர்கிறது.

அந்த அறிமுகத்தில் விடுபடவே கூடாத ஓர் இடம் உண்டு. கியோங் சைக் சாலை, கிரேத்தா ஆயர் சாலையைத் தொடும் முனையில் லயன் சித்தி விநாயகர் கோயில் இருக்கிறது. பொது மருத்துவமனை அருகே பாளையம் போட்டிருந்த இந்தியச் சிப்பாய்கள் வழிபட்ட பிள்ளையார். 1925இல் கோயில் எழுந்தது. அன்று முதல் நகரத்தார் நிர்வாகம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் புறப்பட்டு இங்கே வந்து, பகல் முழுதும் அண்ணனோடு இருந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். தடுப்பறைக்காரர்கள் போனார்கள், விடுதிகள் போயின, காப்பிக்கடை இடம் மாறியது. கோயில் மட்டும் கட்டியவர்களின் கையிலேயே, கட்டிய காரியத்துக்கே பயன்பட்டு வருகிறது. அதற்குக் காரணம் தெளிவானது: அந்த இடத்துக்கு வாடகை ஏற்றிக் கேட்க மூன்றாம் ஆள் இல்லை. வெறும் கட்டடப் பாதுகாப்போடு நிற்காமல், கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தங்கள் இடத்தில் நீடிக்க நீண்டகாலக் குத்தகையோ வாடகை உதவியோ தரும் வழியைச் சிங்கப்பூர் தேட வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். புதுப்பிக்கப்பட்ட கடைவீடுகளில் வருமானம் பார்க்கும் ஹோட்டல்காரர்கள் தங்கள் தரைத்தளத்தில் ஒரு பகுதியைப் பழைய தொழில்காரர் ஒருவருக்குக் கட்டுப்படியான வாடகையில் விட்டால், அந்த முயற்சி அரசுக்காகக் காத்திராமல் நாளையே தொடங்கலாம்.